ஏரி கோடி போகும் வழி

செஞ்சி என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் மக்களுக்குத் தேசிங்கு ராஜனும் அவனுடைய குதிரையும் நினைவுக்கு வருவது வழக்கம். கொஞ்சம் சரித்திரம் படித்தவர்களானால், 1677-ல் சிவாஜி மகாராஜா அந்தக் கோட்டையைக் கைப்பற்றியதையும், பிறகு 1690 முதல் 1698 வரையில் மொகலாயப் படைகள் அதை வளைத்துக்கொண்டு காத்துக் கிடந்ததையும் சொல்வார்கள். இந்த வாரம் நாம் சொல்லப் புகுந்தது வேறொரு யுத்தம். அதில் பகைவன் வானத்திலிருந்து இறங்குகிறான். கோட்டைக் கதவைத் திறந்துவிட்டு அவனை வரவேற்கிறவர்கள் நாமேதான்.

சில காலத்துக்கு முன்பு, ஓர் ஐப்பசி மாதத்தில், நண்பர் ஒருவருடன் அவலூர்பேட்டைக்குப் போயிருந்தோம். செஞ்சிக்கு வடமேற்கே, மேல்மலையனூர் தாலுகாவில் இருக்கிறது அந்த ஊர். திருவண்ணாமலையில் ஒரு சாலைக்கே அதன் பெயர்தான். நண்பர் பள்ளிக்கூட வாத்தியாராயிருந்து ஓய்வு பெற்றவர். சேர்த்து வைத்த பணத்தில் ஒரு பகுதியை அந்தப் பக்கத்து மனை ஒன்றுக்கு முன்பணமாகக் கொடுத்துவிட்டு, "நீங்களும் ஒரு தடவை வந்து பார்த்துச் சொல்லுங்கள்" என்று நம்மை அழைத்துப் போனார். பணத்தைக் கொடுத்த பிறகு யோசனை கேட்பதுதானே நம்மவர்களின் சம்பிரதாயம்!

இடம் பார்ப்பதற்கு லட்சணமாகத்தான் இருந்தது. முகப்பில் அலங்கார வளைவு, பல நிறக் கொடிகள், வெள்ளையடித்த முளைக்கற்கள், நடுவே புதிய செம்மண் சாலை. ஆடு மேய்த்துக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்று எங்களைக் கவனித்தார்.

"ஏன் ஐயா, இதிலேயா வீடு கட்டப் போறீங்க?" என்று கேட்டார்.

"ஆமாம், பெரியவரே! இடம் எப்படி?" என்றார் வாத்தியார்.

"நல்ல இடந்தாங்க. ஏரி கோடி போகாத வருஷமெல்லாம் ரொம்ப நல்ல இடம்."

பட்டணத்து நேயர்களுக்காக இதை விளக்க வேண்டும். கோடி என்றால் பணக் கணக்கில் வரும் கோடி அல்ல. ஏரி நிரம்பியதும் மிகுந்த நீர் வெளியேறுவதற்காகக் கரையின் ஓரத்தில், கரையைவிடத் தாழ்வாக ஓர் இடம் அமைத்திருப்பார்கள். அதைக் கலங்கல் என்றும், அதன் வழியே நீர் வழிந்தோடுவதைக் கோடி போவது என்றும் சொல்வார்கள். அந்த நீர் ஓடை வழியாகக் கீழ் ஏரிக்குப் போகும். அதுவும் நிரம்பினால் அதற்கும் கீழே உள்ள ஏரிக்கு. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை இவ்விதம் ஒன்றுக்கொன்று கைகோத்து நிற்பவை. சில ஏரிகள் நான்கைந்து வருஷங்களுக்கு ஒரு முறைதான் கோடி போகும். இடைப்பட்ட வருஷங்களில் ஓடை காய்ந்து கிடக்கும். காய்ந்து கிடப்பதைக் காலி நிலம் என்று நினைப்பவர்களுக்கு மற்றக் கோடி மட்டுமே தெரியும்.

கிராம வரைபடத்தை வாங்கிப் பார்த்தோம். படத்தில் இரண்டு மெல்லிய கோடுகளாக ஓடை இருந்தது. தரையில் அந்த இடத்தில் செம்மண் சாலை இருந்தது. வாத்தியாரின் மனை அந்தச் சாலையின் ஓரத்தில் இருந்தது.

இனி வாத்தியாரைச் சற்று நேரம் அங்கேயே நிறுத்திவிட்டு, கோட்டைப் பக்கம் போய் வருவோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் மதிலால் இணைத்துக் கட்டியிருக்கிறார்கள். எல்லாம் வெறும் பாறை. பாறையில் விழுந்த மழை உள்ளே இறங்காது. அப்படியே கீழே பாயும். இதை அறிந்திருந்த முன்னோர்கள் மலைமேல் சுனைகளைப் பேணினார்கள். அடிவாரத்தில் செட்டிகுளம், சக்கரக்குளம் முதலிய நீர்நிலைகளை அமைத்தார்கள். கல்யாண மகாலுக்கு மண்குழாய்களின் மூலம் தண்ணீர் கொண்டுபோனார்கள். மொகலாயர்கள் எட்டு வருஷம் காத்திருக்க நேர்ந்ததற்கு மதிலைப் போலவே தண்ணீரும் ஒரு காரணம் என்று சொன்னால் மிகையாகாது.

இன்று நாம் செய்வது என்ன? நல்ல மண்ணையெல்லாம் நாமே பாறையாக்குகிறோம். கூரை, தளம், சிமெண்டுச் சாலை ஆகிய எல்லாம் ஒரு வகைப் பாறைதான். ஆனால் பாறைக்குக் கீழே குளம் வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

மறந்ததன் பலனை இந்த ஜில்லாவாசிகள் 2024-ஆம் வருஷத்தில் கண்ணால் கண்டார்கள். நவம்பர் 30-ந் தேதி இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓர் ஏக்கர் நிலத்துக்கு 20 லட்சம் லிட்டருக்கு மேல் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். செஞ்சி மலைப் பக்கத்தில் தோன்றி வீடூர் அணை வழியாகப் புதுச்சேரிக்கு அருகே கடலில் சேரும் சங்கராபரணி நதி கரைபுரண்டது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தை வெள்ளம் எட்டிப் பிடித்ததால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. திருவண்ணாமலையில் மலைச்சரிவு அடிவாரத்து வீட்டின்மேல் விழுந்து, குழந்தைகள் உள்பட ஏழு பேர் மாண்டார்கள்.

"51 சென்டிமீட்டர் மழை பெய்தால் தேவேந்திரனே வந்தாலும் என்ன செய்ய முடியும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அவ்வளவு மழைக்குக் காத்திராமல், ஒரு மணி நேர மழைக்கே முழங்கால் தண்ணீரில் நிற்கும் தெருக்கள் எத்தனை! சென்னை தியாகராய நகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1920-களில் மாம்பலத்து நெடிய ஏரியின் படுகையில்தான் அந்த நகரை அமைத்தார்கள். நூறு வருஷம் ஆகப் போகிற நிலையில், 2021 நவம்பரில் அந்தத் தெருக்களில் மறுபடி ஏரி வந்து நின்றது. மனிதர்கள் விலாசத்தை மாற்றினாலும் தண்ணீர் தன் பழைய விலாசத்தை மறப்பதில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 1960-களில் சுமார் 5,000 ஹெக்டேர் இருந்ததாகச் சொல்வார்கள். இன்று மிஞ்சியிருப்பது அதில் ஒரு சிறு பங்கு. 2015 டிசம்பரில் சென்னை பட்ட பாட்டை நாம் மறுபடி வர்ணிக்கத் தேவையில்லை.

சென்னை செய்த பிழையைத் திருத்த ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் வேண்டியிருக்கிறது. அவலூர்பேட்டையும் செஞ்சியும் அந்தப் பிழையை இன்னும் முழுதும் செய்து முடிக்கவில்லை. இதுதான் நாம் இன்று எழுதுவதற்குக் காரணம். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராட்டியரின் இராணுவ நிலப்பரப்புகளில் ஒன்றாக, ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனத்தால் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. மிகவும் சந்தோஷம். யாத்திரிகர் பெருகுவார்கள், விடுதிகளும் மனைப்பிரிவுகளும் பின்தொடரும். கற்களை நடுவதற்கு முன்பே தண்ணீருக்கு ஒரு விதி வகுத்துவிட வேண்டும்.

அந்த விதி மிகவும் சுருக்கமானது. "உன் நிலத்திலிருந்து முன்பு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வேகத்தில் வெளியே போயிற்றோ, வீடு கட்டிய பிறகும் அதற்கு மேல் போகக் கூடாது." இவ்வளவுதான். அயலான் வீட்டில் குப்பையைக் கொட்டக் கூடாதென்றால், தண்ணீரை மட்டும் கொட்டலாமா?

இதைக் கணக்கில் காட்டலாமா என்று நேயர்கள் கேட்கலாம். நாலாம் வகுப்புக் கணக்கே போதும். ஓர் ஏக்கர் நிலத்தில் ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குல மழை பெய்தால், அது ஏறக்குறைய விநாடிக்கு ஒரு கனஅடித் தண்ணீர். இனி ஐந்து ஏக்கர் புஞ்சை நிலத்தில் மணிக்கு இரண்டு அங்குலம் பெய்வதாக வைத்துக்கொள்வோம். விழுவது விநாடிக்குப் பத்துக் கனஅடி. புஞ்சையாக இருந்தபோது மண் குடித்ததும் வரப்பில் தேங்கியதும் போக மூன்று கனஅடி வெளியேறியிருக்கலாம். கூரையும் சாலையுமாக ஆன பிறகு எட்டுக் கனஅடி வெளியேறும். அதிகப்படி ஐந்து கனஅடி. ஒரு மணி நேரத்துக்கு 18,000 கனஅடி. அதைப் பிடித்து வைக்க 60 அடி நீளம், 60 அடி அகலம், 5 அடி ஆழம் உள்ள ஒரு குளம் போதும். அதன் பரப்பு ஒன்றரை கிரவுண்டு. ஐந்து ஏக்கரில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட ஆகாது!

"அந்த ஒன்றரை கிரவுண்டுக்கு யார் பணம் கொடுப்பது?" என்று மனை வியாபாரிகள் கேட்பார்கள். தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் நீங்கலாக நூற்றுக்குப் பத்துப் பங்கு நிலத்தைப் பொதுத் திறந்த வெளியாக விட்டாக வேண்டும். அங்கே பூங்கா வரும். அந்தப் பூங்காவின் ஒரு மூலையைத் தெருவைவிடத் தாழ்வாக வெட்டி, கீழே ஒரு சிறு மதகு வைத்தால் குளம் ஆகிவிடும். மழையற்ற நாளில் பிள்ளைகள் அங்கே பந்து விளையாடலாம். மழை நாளில் தண்ணீர் விளையாடிவிட்டு மெதுவாக ஓடைக்குப் போகும். சென்னை மாநகராட்சி சில பூங்காக்களில் இத்தகைய குளங்களை வெட்டியிருக்கிறது. "கொசு வராதா?" என்றால், கொசுவின் முட்டை கொசுவாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். இரண்டு நாளில் வடிந்துவிடும் குளத்தில் கொசுவுக்குக் குடித்தனம் நடத்த நேரம் இராது. மதகை அடைப்பின்றி வைத்துக்கொள்ள வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

இது நடக்கக் கூடிய காரியந்தானா என்று சந்தேகப்படுகிறவர்கள் சிங்கப்பூரைப் பார்க்கலாம். தமிழும் அரசாங்க மொழியாக விளங்கும் அந்தத் தீவில், 2014 முதல், 0.2 ஹெக்டேர், அதாவது சுமார் அரை ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள எந்தப் புதிய கட்டட மனையும் தன் மழைநீரின் வேகத்தைத் தன் எல்லைக்குள்ளேயே குறைத்து அனுப்ப வேண்டும் என்று சட்டம் செய்திருக்கிறார்கள். அங்கே நிலத்தின் விலை என்னவென்று நமக்குத் தெரியும். அவர்களால் முடியுமானால் அவலூர்பேட்டையில் முடியாதா?

விதியின் இரண்டாவது பகுதி, எந்த மழைக்குக் கணக்குப் போடுவது என்பது. இன்ஜினீயர்கள் "ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வரும் மழை", "பத்து வருஷத்துக்கு ஒரு முறை வரும் மழை" என்று பேசுவார்கள். இந்தப் பேச்சைக் கேட்டு, "சென்ற வருஷம் வந்துவிட்டது; இனி ஒன்பது வருஷம் கவலையில்லை" என்று யாரும் குறட்டை விட வேண்டாம். ஒவ்வொரு வருஷமும் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். பத்து வருஷத்துக்குள் ஒரு தடவையாவது அது வந்துவிடுவதற்கு நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு வாய்ப்பு இருக்கிறது. மத்திய சர்க்கார் 2019-ல் வெளியிட்ட மழைநீர் வடிகால் கையேடு, பெரிய நகரங்களுக்குக் கடுமையான அளவையும் சிற்றூர்களுக்குத் தளர்ந்த அளவையும் சொல்கிறது. சிற்றூரின் வருமானத்தை எண்ணி அவ்வாறு வைத்திருக்கலாம். ஆனால் இன்றைய சிற்றூர் நாளைய பேரூர். வடிகாலை இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு அகலப்படுத்த முடியாது. இருபுறமும் வீடுகள் வந்து நிற்கும். ஆகையால் வளரும் ஊர்கள் தமது இன்றைய உருவத்துக்கு அளவெடுக்காமல், வளரும் பிள்ளைக்குச் சட்டை தைப்பது போலச் சற்றுப் பெரிதாகவே அளவெடுக்க வேண்டும்.

மூன்றாவது பகுதிதான் தேவேந்திரன் கேள்விக்கு விடை. எந்த வடிகாலும் எல்லா மழையையும் தாங்காது. அது நிரம்பி வழியும் நாளில் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்பதையும் படத்திலேயே வரைந்து காட்ட வேண்டும். நம் முன்னோர்கள் ஏரிக்கு மதகு மட்டும் வைத்துவிட்டு நிற்கவில்லை, கலங்கலும் வைத்தார்கள். சாதாரண நாளுக்கு மதகு, அசாதாரண நாளுக்குக் கலங்கல். நமது நகரங்களில் மதகு மட்டும் இருக்கிறது. கலங்கலின் வழியில் வீடு இருக்கிறது.

நான்காவதாக மட்டம். இது சிறு விஷயம் போலத் தோன்றினாலும் அண்டை வீட்டார் சண்டையில் பாதி இதனால்தான் வருகிறது. ஒருவர் மண்ணைக் கொட்டி மனையை இரண்டடி உயர்த்துகிறார். பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் போகிறது. பக்கத்து வீட்டுக்காரர் மூன்றடி உயர்த்துகிறார். இதற்கிடையில் சாலை போடுகிறவர்கள் பழைய சாலையின்மேலேயே புதிய சாலையைப் போட்டுக்கொண்டு போகிறார்கள். சில வருஷங்களில் எல்லோருடைய வாசற்படியும் சாலைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டுமென்று 2021-ல் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். நல்ல உத்தரவு. அதோடு, மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போதே சாலையின் மட்டம், வடிகாலின் மட்டம், அது போய்ச் சேரும் ஓடையின் மட்டம் ஆகிய மூன்றையும் எண்ணால் எழுதி, ஒரு கல்லிலும் பொறித்து வைத்தால் சண்டை குறையும். போய்ச் சேரும் இடம் தெரியாத வடிகால், முடிவு தெரியாத தொடர்கதையைப் போன்றது. வாரா வாரம் வாசலில் வந்து நிற்கும்!

சட்டங்கள் நம்மிடம் இல்லாமற் போகவில்லை. மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் 2003-ல் கட்டாயமாக்கியது தமிழ்நாடு. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் ஒரு சட்டம் வந்தது. 2017-ல் குடிமராமத்து என்ற பழைய பெயரையே எடுத்து ஏரிகளைத் தூர்வாரப் புறப்பட்டார்கள். ஆயினும் சட்டம் வீடு கட்டியபின் வந்தால் அபராதம் வாங்கலாம். தண்ணீரை வாங்க முடியாது. அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரம் பதிவதற்கு 2016-ல் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்ததும், 2017-ல் பழைய மனைகளை வரன்முறை செய்ய விதிகள் வந்ததும் நேயர்களுக்கு நினைவிருக்கும். வரன்முறைக் கட்டணத்தைச் செலுத்திய ரசீதை வெள்ளத்திடம் காட்டினால் அது திரும்பிப் போய்விடுமா?

ஆகையால் நாம் கேட்பது, கல் நடுவதற்கு முன்னால் கணக்கு வேண்டும் என்பது. ஒவ்வொரு மனைப்பிரிவின் படத்திலும், முன்பு போன தண்ணீர் இவ்வளவு, இனிப் போகும் தண்ணீர் இவ்வளவு, பிடித்து வைக்கும் குளம் இங்கே, பெருவெள்ளம் போகும் வழி இது என்று நான்கு வரி எழுத வேண்டும். அதைத் தமிழில் எழுத வேண்டும். ஊராட்சி மன்றத்தின் சுவரில் ஒட்ட வேண்டும். கிராம சபையில் அதை வாசிக்க வேண்டும். ஆடு மேய்க்கும் பெரியவர் எழுந்து நின்று, "அங்கே கோடித் தண்ணி வருமே!" என்று சொல்வதற்கு ஒரு சந்தர்ப்பம் வேண்டும். எந்தக் கையேட்டிலும் இல்லாத ஐம்பது வருஷத்து மழைக் கணக்கு அவரிடம் இருக்கிறது. சொந்த ஊரின் தண்ணீரைத் தாமே அறிந்து ஆள்வதும் சுயராஜ்யத்தில் ஒரு பகுதியல்லவா?

வாத்தியாரை வெகு நேரம் நிறுத்திவிட்டோம். அவர் அன்று மாலை வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இந்த மனை எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். முன்பணம் திரும்பவில்லை. அவருடைய சேமிப்பில் அது சிறு தொகையுமல்ல. வழி முழுதும் நாம் அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தோம்: "பணம் போனாலும் தப்பித்தீர்கள்!"

அண்மையில் அவரை மறுபடி சந்தித்தோம். அந்த மனை விற்றுவிட்டதாம். வெளியூரில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் வாங்கிக் கடைக்கால் போட்டிருக்கிறாராம். கல்யாணமாகிக் கைக்குழந்தையும் இருக்கிறதாம்.

"நான் தப்பித்தேன் என்று சொன்னீர்களே!" என்றார் வாத்தியார். "தப்பித்தது நான். மனை தப்பவில்லையே! நான் எழுந்த நாற்காலியில் அந்தப் பிள்ளை வந்து உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு வரைபடம் பார்க்கச் சொல்ல யாரும் இல்லை."

நமக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை. ஒருவர் விழிப்பாயிருந்தால் ஒருவர் பிழைக்கிறார். ஆபத்து அடுத்தவருக்குப் போகிறது. ஆபத்தையே இல்லாமற் செய்வதற்குத்தான் ஊருக்கு ஒரு விதி வேண்டியிருக்கிறது. வாத்தியார் மறுநாள் ஒரு தபால் எழுதி, வரைபடத்தின் பிரதியையும் உள்ளே வைத்து, அந்த இளைஞரின் பெயருக்கு அனுப்பியிருக்கிறார். தரைமட்டத்தையாவது உயர்த்திக்கொள், தண்ணீர் போகப் பக்கத்தில் வழியாவது விடு என்று எழுதினாராம்.

இந்த வருஷம் ஏரி இன்னும் கோடி போகவில்லை.